குதிவார்

கட்டிலை விட்டு இறங்கி வலது காலைத் தரையில் வைத்தபோது, குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில் ஒரு சிறு இறுக்கம் தெரிந்தது. வலி என்று சொல்ல முடியாது. இரவில் யாரோ அந்த இடத்தில் மெல்லிய நூலைச் சுற்றிக் கட்டிவிட்டு, விடிந்ததும் அவிழ்க்க மறந்துபோனதுபோல இருந்தது. தண்ணீர் விழும் பீலியடிக்குக் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து போனேன். முகம் கழுவித் திரும்பும்போது இறுக்கம் போய்விட்டிருந்தது.

இது இப்படித்தான் தொடங்குகிறது. இதை வாசிக்கும் உங்களுக்கும் காலையில் இப்படி இருந்தால், முகம் கழுவித் திரும்புவதற்குள் அது மறைந்துவிடுவதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதற்கு என்னிடம் ஒரு நியாயமும் இருந்தது.

நான் தையல் மெஷின் பழக்குகிறவள். கண்டியில் மெஷின் விற்கும் கடையொன்றில் முறையாகப் பயிற்சி பெற்றவள். மெஷினை முழுதாகக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுவேன். மெஷின் வாங்குகிறவர்கள் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தாலும், நாவலப்பிட்டிப் பக்கத்தில் இருந்தாலும், அவர்கள் வீட்டுக்கே போய் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் ஓர் ஆண் போய் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க முடியாது என்பதால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அதில் எனக்கு இருந்த பிரியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, மூடுபனிக்குள் தேயிலைக்கு நடுவே ஏறும் பாதையில் தனியாக நடப்பேன். மேலே எங்கோ ஒரு வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அந்த வீடு இன்னும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நடை எனக்கு வேண்டும்.

மலைநாட்டுக் குளிரில் மெஷினின் எண்ணெய் இறுகிவிடும். விடிந்ததும் ஓட்டினால் சக்கரம் கனத்துச் சுற்றும். அதை நாங்கள் பழுது என்று கொள்வதில்லை. துணி வைக்காமல் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டுவோம். எண்ணெய் இளகும், ஓட்டம் லேசாகும். என் காலையும் அப்படியே எண்ணினேன். எழுந்ததும் இறுக்கம், நடந்தால் இளக்கம். ஆகவே இன்னும் நடந்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

மெஷின் ஓடாமல் நிற்கும்போது அதற்கு ஒன்றும் நடப்பதில்லை. உடம்போ நிற்கும்போதுதான் தன்னைத் தைத்துக்கொள்கிறது. இந்த ஒரு வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அந்த மாதங்களில் என் கால் பட்டதையெல்லாம் எடுத்து அடுக்கினேன். கடையில் நிற்கும் நாட்களில் குதி உயர்ந்த சப்பாத்து. அது கம்பனியின் கட்டளை. தோட்டத்துக்குப் போகும் நாட்களில் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்கால் நடை. ஈரச் சரிவில் சப்பாத்து வழுக்கும். ஆக, ஒருநாள் குதி மேலே தூக்கியபடி சும்மா கிடக்கும். மறுநாள் அதே குதி முழுதாகக் கீழே இறங்கி மலையை ஏற வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விற்பனை அந்த முறை நன்றாக நடந்ததால் ஏற வேண்டிய மலைகளும் சட்டென்று கூடிவிட்டன. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் மெஷினின் மிதிபலகை.

அடையாளங்களும் வரிசையாகவே வந்திருந்தன. முதலில் விடியற்காலை இறுக்கம். அடுத்து, ஏற்றத்தில் மட்டும் ஒரு சுருக்கென்ற வலி. அதன்பின் தடிப்பு. குளிக்கும்போது இரண்டு குதிகளின் பின்பக்கத்தையும் விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தால், வலது பக்கம் மட்டும் நூலில் முடிச்சு விழுந்ததுபோல இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால், கஞ்சி போட்ட சேலை கசங்குவதுபோல ஒரு மெல்லிய நறநறப்பும் தெரிந்தது. இவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்கு இருந்தாலே அன்றைய மலையை விட்டுவிடுங்கள். என்னிடம் எல்லாம் இருந்தன. நான் விடவில்லை.

ஆனி மாத மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கண்டிச் சந்தைக்கு அருகில் தெல்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மழைத் தண்ணீர் ஓடும் தெருவோரக் கானைத் தாண்டி மறுபக்கம் கால் வைக்க, வலது காலால் உந்தினேன். பின்னாலிருந்து யாரோ குடைப்பிடியால் குதிக்கு மேலே ஓங்கி அடித்தார்கள். தடித்த கான்வஸ் துணியில் ஊசி உடையும்போது கேட்கும் சத்தமும் கேட்டது.

திரும்பினேன். தொப்பியும் சாரமுமாக ஒரு முஸ்லிம் வியாபாரி நின்றிருந்தார். அவரிடம் குடை இருந்தது. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வியாபாரிகளை நானா என்றுதான் அழைப்போம், அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்.

"நானா, ஏன் இப்படி அடிச்சீங்க?"

"நானா?" என்றார் அவர்.

"நீங்கதான் நானா. குடையால."

"குட என்ட கமுக்கட்டுல ஈக்கிது மகள். நான் எங்க நிக்கிறேன், நீங்க எங்க நிக்கிறீங்க? பாருங்களே."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. எங்களுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கும் அளவு இடம் இருந்தது.

"ஏறுறதா, வழக்குப் பேசுறதா? சொல்லுங்க அக்கா!" என்று பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கத்தினான்.

ஏற முயன்றேன். பாதம் என்னுடையதாகவே இருந்தது. ஆனால் அது தரையைத் தள்ளவில்லை. வலி கொஞ்சம்தான். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது பயம்கூட இல்லை. தண்ணீருக்கு அடியில் நிற்பதைப் போன்ற ஓர் அமைதி. பஸ் மெல்ல நகர்ந்து, மழையில் கரைந்து, ஏரிப்பக்கம் போய் மறைந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காசிம் நானா (அவர் பெயர் காசிம், சந்தையில் நூலும் பொத்தானும் விற்கிறவர்) என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, குடையை எனக்குப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

மலேரியாக் காய்ச்சல் ஓய்ந்து வந்த வருடம் அது. வார்டில் இன்னும் கட்டில்களுக்கு நடுவே பாய்கள் கிடந்தன. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, குதிக்கு மேலே கட்டைவிரலால் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அந்த இடத்துக்குக் கொண்டுபோனார்.

"இஞ்ச விரலை வைச்சுப் பாரும் பிள்ளை. பள்ளம் தெரியுதோ?"

தெரிந்தது. கயிறு இருக்க வேண்டிய இடத்தில், தோலுக்குக் கீழே, வெறும் மெத்தென்ற பள்ளம். என் உடம்பில் இல்லாத ஒன்றை நான் தொட்டது அதுவே முதல் முறை.

"முந்தியே நோ இருந்திருக்குமே?"

"காலையில மட்டும் ஐயா. நடந்தா போயிரும்."

"ஓம். நடந்தாப் போயிடும். அதாலதான் ஒருத்தரும் நேரத்துக்கு வாறேல்லை."

இதுபோல அறுந்தவர்கள் பலர் சுளுக்கு என்று எண்ணிப் பற்றுப் போட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதாக அவர் சொன்னார். விரல்கள் அசையும், பாதமும் ஓரளவு அசையும். அதனால் ஏமாந்துவிடுவோம். அடையாளம் வேறு: பின்னாலிருந்து அடி விழுந்த உணர்வு, குதிக்கு மேலே பள்ளம், அந்தக் கால் ஒன்றால் மட்டும் நுனிவிரலில் எழும்பி நிற்க முடியாமை. இந்த மூன்றும் இருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறுநாள் நாவலப்பிட்டியிலிருந்து அம்மா வந்தார். அப்பா அங்கே ரயில் ஷெட்டில் பிட்டர். காசிம் நானா ரயில் கார்ட் ஒருவரிடம் செய்தி சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா வார்டு வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

"டாக்டரையா, நரம்பு அறுந்துபோச்சுன்னா இனி எம் புள்ள காலு செத்த காலுதானே? மறைக்காம சொல்லிருங்க."

"ஆர் சொன்னது நரம்பெண்டு?"

"நீங்கதான் சொன்னீங்களாம். நானா சொல்லி அனுப்பினாரு."

காசிம் நானா அங்கேதான் நின்றிருந்தார். "டொக்டர், குதி நரம்பு எண்டு நீங்கதானே செல்லினீங்க? நான் ஒரு எழுத்துக் கூட்டல்ல, கொறைக்கல்ல."

"ஓம், சொன்னனான்," என்று டாக்டர் சிரித்தார். "வேறை சொல் வாயிலை வரேல்லை."

எங்கள் பேச்சில் இந்தச் சொல் படும் பாட்டை அன்றுதான் கவனித்தேன். இரத்தம் ஓடும் குழாயும் நரம்பு. உணர்ச்சியைக் கொண்டுபோகும் இழையும் நரம்பு. தசையை எலும்போடு கட்டும் கயிறும் நரம்பு. டாக்டர் கயிறு அறுந்தது என்று சொன்னார். அம்மா உணர்ச்சி அறுந்தது என்று கேட்டார். ரயில் வந்துசேரும் நேரத்துக்குள் என் கால் செத்துப்போய், எனக்காகப் பார்த்துவைத்திருந்த வரனும் அம்மாவின் மனதில் எழுந்து போய்விட்டிருந்தது.

"விரலை ஆட்டும் பாப்பம்," என்றார் டாக்டர். ஆட்டினேன். "பாத்தீங்களோ அம்மா? நரம்பு செத்திருந்தா இது ஆடுமோ?"

அம்மா விரல்களைப் பார்த்தார். நம்பவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"உம்மடை மெஷினிலை கீழ்ச் சக்கரம் சுத்த மேல்ச் சக்கரமும் சுத்துதே, ரெண்டையும் சேர்க்கிறது என்ன?"

"தோல் வார் ஐயா."

"அதுதான். கெண்டைக்கால் சதை இழுக்க, குதி எழும்ப, நடுவிலை ஒரு வார். குதிவார் எண்டு வைப்பம்."

"அறுந்த வாரை நாங்க கொஞ்சம் வெட்டி, கம்பி போட்டுக் கோத்துருவோம்," என்றேன்.

"வெட்டினால் கட்டையாகும். கட்டையானால் குதி நிலத்துக்கு வராது. இழுபட்டு நீண்டால் நிலத்தைத் தள்ளாது. ரெண்டு முனையையும் கிட்டக் கொண்டுவந்து வைச்சால், அது தானாப் பொருந்தும். நாங்கள் அதுக்குக் கரைச்சல் குடுக்காமல் இருக்கவேணும். அதுதான் கஷ்டம்."

பாதத்தை நுனி கீழ்நோக்கியிருக்கும்படி நீட்டிவைத்து, முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை சாந்துக் கட்டு (வெண்சாந்தில் நனைத்த துணியைச் சுற்றி இறுகவிடும் கட்டு) போட்டார்கள். ஈரமாக இருந்தபோது அது இளஞ்சூடாக இருந்தது. பிறகு குளிர்ந்து கல்லாயிற்று. உறங்கும் பறவையின் கால்போல என் பாதம் அதற்குள் மடங்கிக் கிடந்தது.

அந்த நாட்களை எண்ணிச் சொல்ல என்னால் முடியாது. எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கே முடியவில்லை. விடியும்போது, புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையிலிருந்து மேளம் கேட்கும். அந்தியிலும் கேட்கும். நான் கண்ணயர்ந்து விழித்தால் அது எந்த மேளம் என்று தெரியாது. பாங்கோசை, கோயில் மணி, மழை, மறுபடி மேளம். சாளரத்துக்கு வெளியே மலை சில வேளை இருந்தது, சில வேளை இல்லை. மூடுபனி வந்து அதை எடுத்துக்கொண்டு போகும், யோசித்துப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்.

கனவில் நான் நடக்கவில்லை, மிதித்தேன். கண்டி ஏரியைச் சுற்றிக் கரையோரமாக என் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீரும் கரையும் ஒரே துணிபோல ஊசிக்குக் கீழே வழுக்கி வரும். சுற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தால் தையல் விழுந்திருக்காது. தண்ணீர் முன்போலவே கரையை விட்டுத் தனியாக அசைந்துகொண்டிருக்கும். விழித்ததும் கட்டுக்குள் இருக்கும் கால் லேசாகத் துடிக்கும். வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

காசிம் நானா வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வருவார். வந்ததும் முதல் பேச்சு எப்போதும் ஒன்றே.

"நான் அடிக்கல்ல எண்டு இப்ப நம்பிக்கையா மகள்?"

"நம்புறேன் நானா."

"அப்ப அத சந்தையில ஒருக்கா வந்து செல்லிட்டுப் போங்க. கண்டக்டர்மார் என்னக் கண்டா இன்னமும் 'குட பத்திரம்' எண்டு சிரிக்கிறானுகள்."

எங்கள் மனேஜரும் ஒருநாள் வந்தார். அவர் பறங்கியர், நல்ல மனிதர், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்கிறவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். தீபாவளிக்கு முன்னால்தான் தோட்டங்களில் மெஷின் விற்கும். அதற்குள் நான் மலை ஏறினால் தோட்ட வேலை எனக்கே. இல்லையென்றால் கடைக்குள் ஏதாவது வேலை தருவார், தோட்டங்களுக்கு வேறொரு பெண்ணை எடுப்பார். இதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் போனபின் நான் சாந்துக் கட்டைப் பார்த்தேன். உள்ளே பொருந்திக்கொண்டிருந்த அந்தச் சிறு கயிற்றில்தான் என் மலைப்பாதைகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

இடையில் ஒருமுறை கட்டைப் பிரித்து, பாதத்தைச் சற்று மேலே கொண்டுவந்து மறுகட்டுப் போட்டார்கள். பிறகு அதையும் எடுத்தார்கள். வெளியே வந்த கால் யாருடையதோ. மெலிந்து, தோல் உரிந்து, கெண்டைச்சதை பழைய தலையணைபோல உள்ளடங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. பழக வேண்டியிருந்தது.

நாவலப்பிட்டிக்கு வந்தேன். அப்பா தோல் துண்டுகளைக் குதி அளவுக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சப்பாத்துக்குள் அடுக்கிக் கொடுத்தார். குதி உயர்ந்திருந்தால் வார் தளர்ந்திருக்கும், புதுத் தையலில் இழுப்பு விழாது. டாக்டர் சொல்லும்போது ஒரு துண்டை எடுக்க வேண்டும். தானாக எடுக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டு குறையும்போதும் நான் மயிரிழை அளவு பூமிக்குக் கிட்ட வந்தேன்.

அப்போதுதான் அம்மா மாரியாயி அக்காவைக் கூட்டிவந்தார். சுளுக்கெடுப்பதில் பேர்போனவர். சூடான எண்ணெயோடு என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"காலக் குடு தாயி. நரம்பு கூனிப்போயிருக்கு. பாதத்த ஒரு இழுப்பு மேல இழுத்தா நேராயிரும்."

"தொடாதீங்கக்கா."

"ஒண்ணும் ஆவாதுடி," என்றார் அம்மா. "எத்தன பேரு நரம்ப எடுத்து விட்டவங்க."

"அம்மா, இது நரம்பில்ல, வார். நம்ம மெஷின்ல வார் நீண்டுபோனா என்ன ஆகும்?"

அம்மா வீட்டில் தைப்பவர். கை அப்படியே நின்றது.

"வழுக்கும்," என்றார். "நான் மிதிக்க மிதிக்க மேல்சக்கரம் சும்மா நிக்கும்."

"இவங்க இழுத்தா அதான்."

அம்மா என் குதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆஸ்பத்திரியில் நம்பாததை அங்கே நம்பினார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாரியாயி, அவ கால விட்டுரு."

"அப்ப என்னத்துக்கு என்னயக் கூட்டியாந்த?"

"எம் முதுகத் தேச்சு விடு. இவளத் தூக்கி எறக்கி எனக்குத்தான் நரம்பு போச்சு."

மாரியாயி அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அதன்பின் யாரிடமும் நரம்பு என்று சொல்லவில்லை. குதிவார் என்றார். கேட்டவர்களுக்கு அது என்னவென்று விளக்குவதில் அவருக்கு ஒரு பெருமையும் வந்துவிட்டது. சரியான சொல் ஒன்று கிடைத்தால் நோயாளிக்கு முன்னால் வீட்டாருக்கு நிம்மதி வருகிறது.

மனேஜர் சொன்ன காலம் வந்தது. சப்பாத்துக்குள் இன்னும் ஒரு தோல் மிச்சம் இருந்தது. நடந்தேன், நொண்டவில்லை. போய்விடலாம் என்றே தோன்றியது. கண்டிக்குப் போய் டாக்டரிடம் கேட்டேன்.

"நீர் போனால் நான் மறிக்க ஏலாது," என்றார். "ஆனால் கனபேருக்குத் திரும்ப அறுறது இந்த நேரந்தான். நோ இல்லை, பயமும் இல்லை. வாருக்கு இன்னும் பலமும் இல்லை."

அன்று மாலை வீட்டில் நான் இதைச் சொல்ல, அப்பா சாரத்தில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இஞ்சின் ஷெட்டுல நிக்கிறப்ப பெரிய தொரகூட எப்ப வெளிய வரும்னுதான் கேப்பாரு," என்றார். "இப்பவே வான்னு இஞ்சின்கிட்டப் போய் நிக்கமாட்டாரு." அவ்வளவுதான் சொன்னார். முடிவை எனக்கே விட்டார்.

நான் மனேஜரிடம் போய், இந்தத் தீபாவளிக்கு முடியாது என்றேன்.

செலீனா என்ற பெண்ணை எடுத்தார்கள். சுறுசுறுப்பானவள். நான் கடையின் பின்னால் உட்கார்ந்து பழுது பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே அவள் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதைப் பார்க்கும் நாட்களில், கையிலிருக்கும் திருகாணியை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்குவேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மலையின்மேல் இருந்தது.

அந்த மாதங்களில் செய்தவற்றை உங்களுக்காகச் சொல்கிறேன். கடைசித் தோல் போனபின், டாக்டரின் சம்மதத்தோடு, படியின் ஓரத்தில் பாதங்களின் முன்பாதி மட்டும் படும்படி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகளையும் மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கினேன். இறக்குவதில்தான் வேலை இருக்கிறது. உயர்த்துவதைவிட மெதுவாக இறக்க வேண்டும். குதி உயர்ந்த சப்பாத்தை ஒரேயடியாக விடவில்லை. ஒவ்வொரு சோடியாகத் தாழ்த்திக்கொண்டு வந்தேன். வெறுங்காலில் முதலில் சமதரை, அப்புறம் சிறு ஏற்றம். நடை கூட்டிய நாளுக்கு மறுநாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்று கேட்டேன். நடக்கும்போது அது பொய் சொல்லும். மறுநாள் காலையில்தான் உண்மை சொல்லும். இன்னொன்று, குளிரில் எழுந்தவுடன் ஓடாதீர்கள். மெஷினுக்கு நான் கொடுத்த அந்தக் கொஞ்ச நேரத்தைக் காலுக்கும் கொடுங்கள். ஆனால் இறுக்கம் மறைந்துவிட்டதென்று அந்தக் காலை மிகையாக நடத்தித் தண்டிக்காதீர்கள்.

தை பிறந்தபின் ஒருநாள் கடையில் கூட்டமில்லாத வேளையில் மனேஜரிடம் போனேன். தெல்தோட்டைப் பக்கத்தை எனக்குத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். கால் சரியாகிவிட்டதென்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சேலைக் கரையைக் கணுக்கால் தெரியும் அளவு உயர்த்தினேன். இடது காலைத் தரையிலிருந்து எடுத்தேன். மேசையைப் பிடிக்கவில்லை. வலது காலின் நுனிவிரலில் மெல்ல எழும்பினேன். குதி தரையை விட்டது. கெண்டைச்சதை நடுங்கியது. பின்னால் குதிவார் இறுகி, பிடித்து, நின்றது. கடை முழுவதும் சற்றுத் தாழ்ந்துபோனதுபோல இருந்தது.

மனேஜர் ஒரு பெண்ணின் கணுக்காலைப் பார்க்க வெட்கப்பட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், நீங்க பாக்கல்லயே," என்றேன்.

"பாத்தேன், பாத்தேன், போதும்," என்றார் தமிழில். "சனிக்கிழமை பஸ்ல போ."

செலீனாவுக்கு நாவலப்பிட்டிப் பக்கம், எனக்குத் தெல்தோட்டை என்று பிரித்தார்.

முன்பு நான் அந்தப் பாதையில் ஏறும்போது மேலே இருக்கும் வீட்டையே நினைத்துக்கொண்டு ஏறுவேன். இப்போது மெதுவாக ஏறுகிறேன். குதி முழுதாகத் தரையில் பதியும் வரை அடுத்த அடியை எடுப்பதில்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். "டீச்சரம்மா, நீங்க வந்து சேர்றதுக்குள்ள எங்க புள்ளைக்கு வயசே வந்துரும், சட்டை பத்தாது," என்று ஒருநாள் ஒருத்தி சொல்ல, மற்றவர்களின் சிரிப்பு பனிக்குள் இருந்து வந்தது.

முகங்களைவிட அவர்களின் குதிகள்தான் எனக்கு முதலில் தெரிகின்றன. மண்ணிறக் குதிகள், அவற்றுக்கு மேலே இறுகித் தளரும் அந்தக் கயிறு, ஒரே சரிவில் எத்தனையோ. அப்படிக் கேலி செய்தவளின் இடது குதிக்கு மேலே தடிப்பு இருந்தது. நிறுத்தி, விரலால் தொட்டுப் பார்த்து, காலையில் இறுக்கமாக இருக்குமா என்று கேட்டேன்.

"இருக்கும். நடந்தா போயிரும்," என்றாள்.

போகாது என்று சொன்னேன். கொஞ்ச நாள் மேல்மலையை விட்டுச் சமதரையில் வேலை கேட்கச் சொன்னேன். "கேட்டவொடன குடுத்துருவாங்களாக்கும்," என்று அவள் கூடையைச் சரிசெய்தாள். அன்று நான் தங்கிய கணக்கப்பிள்ளை வீட்டில், என்னிடம் தையல் படிக்கும் அவர் மனைவி பாக்கியத்திடம் சொன்னேன். அவர் தன் கணவரிடம் சொன்னார். அந்தப் பெண்ணை ஸ்டோருக்கு, கொழுந்து வாட்டும் இடத்துக்கு, மாற்றினார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

மறுநாள் விடியுமுன் விழித்தேன். இப்போதெல்லாம் விழித்ததும் காலைத் தரையில் வைப்பதில்லை. போர்வைக்குள் வலது பாதத்தின் பெருவிரலால் காற்றில் அ எழுதுகிறேன். முழங்காலை அசைக்காமல், பாதத்தை மட்டும் திருப்பி, மெதுவாக. பிறகு ஆ. இ-யின் சுழிக்குக் கணுக்கால் முழுவதும் சுற்ற வேண்டும்.

"அக்கா, போர்வைக்குள்ள என்னா பண்றீங்க?" என்று பக்கத்துப் பாயிலிருந்து பாக்கியம் கேட்டார்.

"எழுதுறேன்."

"யாருக்கு?"

"காலுக்குத்தான். கேட்டுட்டு இறங்கணும்."

சற்றுப் பொறுத்து பாக்கியத்தின் போர்வையும் அசைந்தது. வெளியே மலை இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் கடிகார மணி அடித்ததும் எனக்கு நாள் தொடங்கிவிடும். இப்போது அது உயிரெழுத்துகளுக்கு நடுவே, அவசரமில்லாமல், காலிலிருந்து மேலே ஏறி வருகிறது. ஐ-யில் சிறு இறுக்கம், ஓ-வில் இளக்கம். இன்று எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஔ-வின்போது அறிந்துகொள்கிறேன். கடைசியில் ஃ. மூன்று புள்ளிகள். மூன்றாவதை வைத்துவிட்டு, போர்வையை விலக்கி, தரையைத் தேடுகிறேன்.